குழாயடி வரிசையில் பதினாலு கொடி

செப்டம்பர் 12

இலை டாக்டர் கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன், நீயும் எப்படியோ இருந்து தொலை. கவர் தடிமனா இருக்கேன்னு பயப்படாதே, உள்ள இருக்கிறது திராட்சை இலை. வெறும் கடிதாசின்னா பிரிக்காமலே மேஜைக்கு அடியில தள்ளிடுவே. ஆய்வுக்கு வந்த இலைன்னா பிரிச்சுத்தானே ஆகணும்? அஞ்சாங் கிளாஸோட நின்னவளுக்கு எவ்வளவு மூளைன்னு வாயைப் பிள. தப்பா எழுதியிருந்தா சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்பு, சட்டம் போட்டு மாட்டிக்கிறேன்.

போன்ல கூப்பிட்டிருக்கலாம். ஆனா வீட்டுக்கு இருக்கிறது ஒரே செல்போன், அது உங்க அண்ணனோட சட்டைப் பையில. ஒன்பது வருஷமா இந்த வீட்ல உன் பேரை எடுக்கக் கூடாது. போன்ல எப்படி எடுக்கிறது?

விஷயத்துக்கு வர்றேன். ஆகஸ்ட்ல பதினோரு நாள் அடிச்ச வெயில்ல நம்ம தோட்டத்துச் சரிவு முழுக்கத் திராட்சை குலை குலையாக் கொடியிலேயே வத்திப் போச்சு. கையில பிடிச்சா திராட்சை இல்ல, மிளகு. ஒயின் ஆலைக்காரர் வந்தாரு. ஒரு பழத்தை நசுக்கி, சர்க்கரை பார்க்கிற குழாயைக் கண்ணுல வெச்சுப் பார்த்துட்டு, "இது ஒயினுக்கு ஆகாதும்மா, ஜாம் போடுறவங்களைக் கேட்டுப் பாருங்க"ன்னாரு. உங்க அண்ணன் பக்கத்துல நின்னாரு. அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

இப்ப மொத்தச் சரிவையும் பிடுங்கிட்டு வெயில் தாங்குற வேற ரகம் போடணுமாம். ஆலைக்காரர் கன்று தருவாரு. உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாரு. டிசம்பர் பதினஞ்சு, மெஷின் வருது. உங்க அப்பா நட்ட கபெர்னே சோவின்யோன் கொடி அத்தனையும் போகுது. (முழுப் பேரைச் சொன்னா எனக்கு வாய் சுளுக்கிக்கும், நான் கபனின்னுதான் கூப்பிடுறது.) இதையேதான் நீ அன்னைக்குச் சொன்னே. "அப்பா நட்டதைப் பிடுங்கச் சொல்ற வாய்க்கு இந்த வீட்ல சோறு கிடையாது"ன்னு அவர் கத்த, நீ பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனே. அந்தத் தட்டைக் கழுவினவ நான்.

இப்ப என் பயம். குழாயடியில கடைசி வரிசை இருக்கில்ல, அதுல ஒரு பதினாலு கொடி மட்டும் எதுக்கும் அசையலை. ஊரே வத்திக் கிடக்கு, அது பாட்டுக்குப் பச்சைக் காயைத் தொங்க விட்டுக்கிட்டு நிக்குது. இன்னும் பழுக்கவே இல்ல. என்ன வியாதி இது? இதுதான் சரிவு முழுக்கப் பரவிச்சா? பார்த்துச் சொல்லு. அண்ணன்கிட்ட மூச்சு விடாதே. ஏன்னு கேக்காதே.

தட்டு கழுவிய அண்ணி

~

செப்டம்பர் 28

அண்ணிக்கு,

இலைகள் வந்து சேர்ந்தன. நான் நலம்.

நோய் எதுவும் இல்லை. வைரஸ், பூஞ்சை இரண்டுக்கும் பார்த்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்த இலை வந்தாலும் அது என்ன ரகம் என்பதையும் டி.என்.ஏ. பார்த்து எழுதிவைப்பது வழக்கம். பார்த்தேன். அது கபெர்னே இல்லை.

மெர்லோ என்ற ரகமும் இல்லை. வேறு எதுவும் இல்லை. எங்களிடம் இருக்கும் பட்டியலில் ஆயிரக்கணக்கான ரகங்கள் உண்டு. ஒன்றோடும் பொருந்தவில்லை. மாதிரியைக் கலந்துவிட்டேனோ என்று இரண்டாம் முறையும் செய்தேன். அதே விடை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கல்லூரிக்குப் போன முதல் நாளில் சட்டைப் பையில் புழு வைத்து அனுப்பியவர் நீங்கள். இதுவும் அப்படி ஏதாவதா? வேலியில் படர்ந்த கொடியின் இலையை அனுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்து சிரிக்கிறீர்களா? அப்படியானால் சொல்லிவிடுங்கள். இங்கே எனக்கு மேலே ஒரு மேலாளர் இருக்கிறார், அவருக்குச் சிரிப்பு வராது.

இல்லையென்றால், பதினான்கு கொடியிலும் தனித்தனியாக இலை எடுத்து, எண் போட்டு அனுப்புங்கள். பழம் பழுத்தால் அதையும் அனுப்புங்கள். அந்தக் கன்றுகள் எங்கே வாங்கியவை என்றும் எழுதுங்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

~

அக்டோபர் 7

கேக்காத கொழுந்தனாருக்கு,

அவர் நல்லா இருக்கார்னு நானும் சொல்லலை.

உன் கடிதாசியைப் படிச்சுட்டு முதல்ல சிரிச்சேன், அப்புறம் எழுந்து கதவைச் சாத்திட்டு மறுபடி படிச்சேன். சத்தியமா விளையாட்டு இல்லடா. அந்தப் புழு வேற, இது வேற. (புழுவுக்கு நீ போட்ட கூச்சலை நினைச்சா இப்பவும் வயிறு வலிக்குது.)

பதினாலு பொட்டலம் போட்டிருக்கேன், எண் போட்டிருக்கேன். ஏழு மட்டும் திரும்பி நிக்கும், எனக்கு அது எப்பவும் அப்படித்தான் வரும். டப்பாவுல பழம் இருக்கு. ஆமா, பழுத்துடுச்சு! சரிவு காலியாகி ஒரு மாசம் கழிச்சு, ஊர்ல எல்லாரும் கூடையைக் கழுவிக் கவுத்த பிறகு, இதுங்க சாவகாசமாப் பழுக்குது. தோல் தடிமன். கடிச்சா வாய் கொஞ்சம் இழுக்குது, அப்புறம் இனிக்குது, அப்புறம் என்னமோ ஒண்ணு வருது, எனக்குச் சொல்லத் தெரியலை. நாலு குலையை நானே தின்னுட்டேன். செத்தா நீதான் பொறுப்பு.

எங்கே வாங்கினதுன்னு கேட்டியே. இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகுது.

அப்ப அந்த வரிசையில பதினாலு கொடி பட்டுப் போச்சு. உங்க அண்ணன் நர்சரிக்குப் போய்ப் பதினாலு கபனி ஒட்டுக்கன்று வாங்கிட்டு வரச் சொன்னாரு. போனேன், வாங்கினேன், கோணிப் பையில கட்டி பஸ்ல ஏத்தினேன். ஜன்னலோரம் காத்து நல்லா அடிச்சுது. தூங்கிட்டேன். நம்ம நிறுத்தத்துல கண்டக்டர் கத்தினதும் பதறி இறங்கிட்டேன். பஸ் போச்சு, கன்றும் அதோட போச்சு.

எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது? குழாயடிக்குப் பின்னாடி சக்கைக் குவியல் இருக்கும்ல, வீட்டுக்குன்னு ஒயின் பிழிஞ்சது போக மிச்சத்தைக் கொட்டுற இடம். அங்க ஒரு கொடி தானா முளைச்சு மதில் மேல ஏறி நின்னுச்சு. திராட்சைக் குவியல்ல முளைச்சது திராட்சைதானேன்னு பதினாலு குச்சி வெட்டினேன், கொட்டகைக்குப் பின்னால மண்ணுல வெச்சேன், துளிர்த்ததும் வரிசையில நட்டேன். "கன்று வாங்கிட்டியா?"ன்னாரு. "ஆச்சு"ன்னேன். அவ்வளவுதான். மதில்ல நின்னதை அப்புறம் யாரோ வெட்டிட்டாங்க.

படிச்சதும் கிழிச்சுப் போடு.

பஸ்ல தூங்கினவ

~

நவம்பர் 14

அண்ணி,

உட்கார்ந்து படியுங்கள். நான் நின்றுகொண்டு பார்த்தேன், பிறகு நாற்காலியைத் தேடினேன்.

பதினான்கும் ஒன்றே. ஒரே கொடியின் குச்சிகள்தான், நீங்கள் சொன்னது உண்மை. அந்த ஒரு கொடி உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதன் தகப்பன் நம் சரிவின் கபெர்னே. தாய், கொட்டகைப் பக்கம் முன்பு இருந்த வெள்ளைத் திராட்சை. அப்பா அதன் குச்சி இரண்டை இங்கே ரகங்களைச் சேமிக்கும் தோட்டத்துக்குக் கொடுத்து வைத்திருந்தார், அதனால்தான் பொருத்திப் பார்க்க முடிந்தது. சக்கையோடு கொட்டிய ஏதோ ஒரு விதை முளைத்திருக்கிறது.

திராட்சை விதை முளைத்தால் தாய் மாதிரியும் வராது, தகப்பன் மாதிரியும் வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆள். அதனால்தான் யாரும் விதை போடுவதில்லை, குச்சிதான் வைக்கிறார்கள். உலகத்தில் எத்தனை கோடி கபெர்னே கொடி இருந்தாலும் அத்தனையும் முந்நூறு வருடங்களுக்கும் முன்னால் முளைத்த ஒரே கொடியின் குச்சிகள். அதையும் யாரும் திட்டமிட்டு வளர்க்கவில்லை. கபெர்னே ஃப்ராங்க் என்ற கறுப்புக்கும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைக்கும் எங்கோ ஒரு தோட்டத்தில் தற்செயலாகப் பிறந்தது. இது தெரிந்ததே சுமார் முப்பது வருடங்களுக்கு முன்புதான். அதுவரை எல்லோரும் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் இங்கே ஒன்பது வருடமாக இதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறேன். வெயில் ஏற ஏறப் பழைய ரகங்கள் அவசரமாகப் பழுக்கின்றன, சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு செத்துவிடுகிறது. நிதானமாகப் பழுக்கும் ஒரு ரகம் வேண்டும் என்று வருடத்துக்கு நாலாயிரம் விதை முளைக்க வைத்துப் பார்க்கிறோம். இதுவரை ஒன்றும் தேறவில்லை. உங்கள் டப்பாவிலிருந்த பழத்தைப் பிழிந்து பார்த்தோம். சர்க்கரையும் புளிப்பும் நாங்கள் காகிதத்தில் எழுதி வைத்து ஆசைப்பட்ட எண்கள். சிரிக்காத மேலாளர் சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது.

நீங்கள் பஸ்ஸில் தூங்கியிருக்கிறீர்கள், அண்ணி. அதனால் கிடைத்தது இது.

டிசம்பர் பதினைந்தாம் தேதி மெஷின் அந்த வரிசையைத் தொடக்கூடாது. இலை உதிர்ந்து கொடி உறங்கிய பிறகுதான் குச்சி வெட்ட வேண்டும், நாங்கள் முறைப்படி வந்து எடுக்க மேலிடத்தின் அனுமதியும் வர வேண்டும், ஜனவரி ஆகும். அதுவரை அது நிற்க வேண்டும். அண்ணனிடம் சொல்லுங்கள்.

பிடுங்கச் சொன்னதற்காக வீட்டை விட்டுப் போனவன், இப்போது பிடுங்காதீர்கள் என்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் நீங்களே சொல்லுங்கள்.

~

நவம்பர் 24

டேய்,

நிஜமாவா? மூணு தடவை படிச்சேன். மக போன வாரம் வந்தப்போ அவளையும் ஒரு தடவை படிக்கச் சொன்னேன், "பஸ்" வர்ற இடத்தை மட்டும் விரலால மறைச்சுக்கிட்டு. அப்புறம் குழாயடிக்குப் போய் அந்தப் பதினாலையும் பார்த்தேன். பத்து வருஷமா அதுங்க மேலதான் ஈரத் துணி காயப் போடுறேன்! உலகத்துலயே இல்லாத கொடி மேல உங்க அண்ணனோட கோவணம்!

கபனிக்கே அம்மா வெள்ளைத் திராட்சைன்னு நீ எழுதினதைப் படிச்சுட்டு அதை மட்டும் உங்க அண்ணன்கிட்ட பொதுவாச் சொன்னேன். "எவன் சொன்னான்?"னாரு. "ரேடியோவுல"ன்னேன். "ரேடியோக்காரனுக்கு வேற வேலையில்லை"ன்னாரு. இந்த ஆள்கிட்ட நான் எப்படிடா மிச்சத்தைச் சொல்றது?

என்னால முடியாது. முப்பது வருஷமா இந்த வீட்ல அவர் நம்புற ஒரே கணக்கு என் வாய்தான். "ஆச்சு"ன்னு நான் சொன்னா ஆச்சு. இப்பப் போய் "ஆகலை, பஸ்ல விட்டேன், பத்து வருஷமாப் பொய் சொன்னேன்"னா? நீ சொல்லு. படிச்ச ஆளு, விஞ்ஞானம் பேசு, நடுவுல பஸ்ஸை வேகமா ஓட்டிட்டுப் போயிடு.

டிசம்பர் ஆறு ஞாயித்துக்கிழமை. காலையில பத்து மணிக்கு அவர் டீயோட வாசப்படியில உக்காந்திருப்பாரு. வாரத்துல அவர் மனுஷனா இருக்கிற நேரம் அது ஒண்ணுதான். அப்பக் கூப்பிடு. நான் சனிக்கிழமையே மக வீட்டுக்குப் போயிடுறேன், திட்டெல்லாம் ஆறினதும் செவ்வாய்க்கிழமை வர்றேன். ஓடிப் போறேன்னு நினைக்காதே. ஓடித்தான் போறேன்.

நம்பர் மாறலை.

கோழை அண்ணி

~

டிசம்பர் 7

அண்ணி,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், மூன்று நாளில் கிடைத்துவிடும்.

நேற்று பத்து மணிக்கு அழைத்தேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி "அண்ணா, நான்தான்." இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"யாரு?" என்றார்.

குரல் மாறிவிட்டது அண்ணி. கரகரவென்று, வயதான ஒருவருடைய குரல். நீங்கள் அதை எழுதவே இல்லையே. தாளைப் பார்த்தேன். எழுத்து தெரிகிறது, வாய் திறக்கவில்லை. "யாருங்க?" என்று மறுபடியும் கேட்டார். இரண்டாம் முறை மரியாதையாகக் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வைத்துவிட்டேன்.

ஒரு கோடி எழுத்து டி.என்.ஏ. படிக்கிறவன். இரண்டு வார்த்தை சொல்ல முடியவில்லை.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன். அதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள், தயவுசெய்து பக்கத்தில் இருங்கள். முடிந்தால் அந்த வரிசையில் ஒரு சிவப்புத் துணியாவது கட்டி வையுங்கள்.

~

டிசம்பர் 9

போச்சுடா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இடம் மாறி இறங்கிட்டேன்னு நினைச்சேன். நம்ம கொட்டகை இருக்கு, குழாய் இருக்கு, சரிவைக் காணோம். வெறும் மண்ணு. கீழ ஓடுற ரோடு வரைக்கும் தெரியுது. இத்தனை வருஷத்துல அந்த ரோடு அங்கேருந்து தெரிஞ்சதே இல்ல.

மழை வரப் போகுது, ஈரத்துல மெஷின் இறங்காதுன்னு மெஷின்காரர் திங்கக்கிழமையே வந்துட்டாராம். உங்க அண்ணனும் "இன்னைக்கோ அடுத்த வாரமோ, எல்லாம் ஒண்ணுதான்"ன்னு விட்டுட்டாரு. குழாயடிப் பக்கம்தான் வாசல், அதனால முதல்ல பிடுங்கினதே கடைசி வரிசையைத்தான். எல்லாத்தையும் மலை மாதிரிக் குவிச்சு, நான் வந்த நேரம் அப்பத்தான் தீ வெச்சிருந்தாங்க.

அவர் என்னைப் பார்த்து, "வந்துட்டியா? ஞாயித்துக்கிழமை எவனோ போன் பண்ணி மூச்சு மட்டும் விட்டுட்டு வெச்சுட்டான்"ன்னாரு.

அது நீதானே, பாவி? நான் காட்டிக் குடுக்கலை. காட்டிக் குடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நீ வாயைத் திறக்கலை, நான் வீட்லயே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொளுத்தினோம்.

அங்கேயே, பையைக் கூடக் கீழ வைக்காம, ஒரே மூச்சில சொல்லிட்டேன். பஸ், சக்கைக் குவியல், பதினாலு, உலகத்துலயே இல்ல, எல்லாம். "யாரு கண்டுபிடிச்சது?"ன்னாரு. உன் பேரைச் சொன்னேன். ஒன்பது வருஷம் கழிச்சு இந்த வீட்ல உன் பேர். அப்புறம் திட்டு விழும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். விழலை. திறந்து பார்த்தா ஆளைக் காணோம்.

குவியலுக்குள்ள இருக்காருடா! எரியுது, இவர் முழங்கால் வரைக்கும் உள்ள நிக்கிறாரு. "எதுடி? எதுன்னு சொல்லு!"ன்னு கத்துறாரு. நான் குவியலைச் சுத்தி ஓடினேன். அப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. மத்த கொடியெல்லாம் எப்பவோ இலை உதிர்த்து மொட்டையா இருக்கு, இது மட்டும் தாமதக்காரி இல்லையா, காய்ஞ்ச இலை இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. "இலை இருக்கிறதை இழுங்க!"ன்னு கத்தினேன். இழுத்தாரு. மெஷின்காரர் ஓடி வந்து இடுப்பைப் பிடிச்சு வெளிய தூக்கினாரு. அவரையும் உதறிட்டு இன்னொரு தடவை போனாரு.

ரெண்டு உள்ளங்கையும் வெந்து போச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாச்சு. பயப்படும்படி இல்லைங்கறாங்க. சோறு நான் ஊட்டுறேன், உப்பு இல்லைன்னு அதுலயும் குறை.

பார்சல்ல பத்தொன்பது குச்சி. ஈரச் சாக்குல சுத்தியிருக்கேன். பாதி கருகினது, எனக்கே தெரியுது. நீ படிச்சவன். ஏதாவது பண்ணு.

~

பிப்ரவரி 11

அண்ணி,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டாம். தினம் சொல்ல ஒன்று இருந்தது, எல்லாமே கெட்டது.

பார்சல் வந்த அன்றே ஒவ்வொரு குச்சியையும் நகத்தால் கீறிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர். ஆறில்தான் பச்சை இருந்தது. அந்த ஆறையும் மணலில் வைத்துச் சூடான அறையில் அடுக்கினேன். மேலாளர் தன் மகள் கல்யாணப் பேச்சுக்குக்கூடப் போகாமல் வந்து எட்டிப் பார்த்தார். ஜனவரி முதல் வாரம் இரண்டு அழுகின. அடுத்த வாரம் ஒன்று. பிறகு இன்னும் இரண்டு. மிஞ்சியது ஒன்று. அதில் இருந்தது ஒரே ஒரு கண், மேல் பக்கம் தீயில் கறுத்திருந்தது. அது போன மாதக் கடைசியில் வெடித்துத் துளிர் விட்டது.

சந்தோஷப்படக்கூட பயந்தேன். தீக்குள் கையை விட்டவருக்குக் குச்சி மாறியிருந்தால்? அது வெறும் கபெர்னேயாக இருந்தால்? சுண்டு விரல் நகம் அளவு இலை வரும்வரை காத்திருந்து, அதில் பாதியைக் கிள்ளி டி.என்.ஏ. பார்த்தேன்.

அதுதான் அண்ணி. அதேதான்.

உலகத்தில் ஒன்றே ஒன்று. என் மேஜை மேல், நான் தண்ணீர் குடிக்கிற கப்பில் நிற்கிறது. ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. யாராவது தும்மினால் முறைக்கிறேன். இது தேறினால் அடுத்த வருடம் நூறு குச்சி, அதற்கடுத்த வருடம் ஒரு சரிவு. தேறாவிட்டால் இப்படி ஒன்று இருந்தது என்று என் நோட்டில் மட்டும் இருக்கும்.

இத்துடன் புது ரகப் பதிவுப் படிவம் வைத்திருக்கிறேன். எந்த நிலத்தில் முளைத்ததோ அந்த நிலத்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். கட்டு அவிழ்த்துவிட்டால், அண்ணனிடம் வாங்கித் தபாலில் அனுப்பிவிடுங்கள். பேனா பிடிக்க முடியுமா அவரால்? நான் கேட்கிறேன். இந்த முறை கேட்கிறேன்.

~

பிப்ரவரி 20

கொழுந்தனாருக்கு,

உன் கடிதாசியை நான் பிரிக்கலை. தபால்காரர்கிட்டேருந்து உங்க அண்ணன் வாங்கிட்டாரு. கட்டுப் போட்ட கையால பிரிக்க முடியாம, பல்லால கிழிச்சாரு. ஓரத்துல பல் பட்ட தடம் இருக்கும் பாரு, அந்தப் படிவத்துல.

வாசப்படியில உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். படிச்சு முடிச்சு, "தண்ணி குடிக்கிற கப்புலயா வெச்சிருக்கான்?"னாரு. எழுந்து உள்ள போனாரு. நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து பொத்தான் மாட்டச் சொன்னாரு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கையெழுத்துப் போட."

"அதுக்கு எதுக்கு ரெண்டு நாள் ரயில்ல? தபால்ல அனுப்பினாப் போதாதா? அவனே எழுதியிருக்கானே."

அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுறேன். "போன்ல மூச்சு விட்டப்பவே அவன்னு தெரியும்டி. சின்ன வயசுலேருந்து அவன் அழறதுக்கு முன்னாடி அப்படித்தான் மூச்சு விடுவான். நானும்தான் பேரைச் சொல்லிக் கூப்பிடலை, 'யாருங்க'ன்னு கேட்டேன்."

தெரிஞ்சுதான் கேட்டிருக்காருடா! இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. இந்த வீட்ல வாயில்லாதவங்க ரெண்டு பேரு, நடுவுல வாயாடி நான் ஒருத்தி.

இதைத் தபால்ல போடலை. அவர் கையிலேயே குடுத்து அனுப்புறேன். பொத்தான் அவரால போட முடியாது, நீதான் போட்டு விடணும். ஊட்டியும் விடணும், உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போடு. உன்னைப் பார்த்ததும் என்ன பேசணும்னு அவருக்குத் தெரியாது, அதனால எடுத்த எடுப்புல கடிதாசியைத்தான் நீட்டுவாரு. உனக்கும் தெரியாது, அதனால நீயும் வாங்கின உடனே படிக்க ஆரம்பிச்சிருப்பே.

படிச்சது போதும். தலையை நிமித்து. எதிர்ல நிக்கிறாரு பாரு, உக்காரச் சொல்லு.